பதினான்கு மச்சங்கள்

ரப்பரக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் மெஷின்காரர். அந்த அச்சகத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. மெஷின்காரரையே, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், எண்ணெய்ச்சட்டி என்பார்கள். ஆனால் ரப்பரக்காவை முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடலாம். அவள் திரும்பிப் பார்ப்பாள், திட்டமாட்டாள். அவளுடைய வேலையே அழிப்பதுதான்.

இன்னும் பிலிம் வைத்துப் பிளேட் போடுகிற பழைய அச்சகம் அது. ஒளி காட்டிக் கழுவி எடுத்த தகட்டில் பக்கங்களோடு சேர்ந்து வேண்டாததும் விழுந்திருக்கும். பிலிமின் ஓரம் ஒரு கோடாக விழும். கண்ணாடியில் ஒட்டிய தூசி ஒரு புள்ளியாக விழும். மஞ்சள் விளக்கு எரியும் சின்ன அறையில், சாய்வு மேசையில் பிளேட்டைக் கிடத்தி, ஒரு கையில் லென்ஸும் மறு கையில் மருந்து தொட்ட தூரிகையுமாக அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பாள். இருபத்தாறு வருடங்களாக இதே வேலை. பிளேட்டில் இருப்பதை எடுக்கலாம், இல்லாததைச் சேர்க்க முடியாது என்பது மட்டும் அவளுக்கு முதல் நாளிலேயே புரிந்துவிட்டது.

மற்றதெல்லாம் அடிபட்டுக் கற்றது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் வந்தது. அட்டையில் அதன் நிறுவனரின் கோட்டுச் சித்திரம். மூக்கு நுனியில் ஒரு கரும்புள்ளி. அவள் தூசி என்று நினைத்து அதை அழித்துவிட்டாள். அது அந்தப் பெரிய மனிதரின் புகழ்பெற்ற மச்சம் என்பது, ஐந்நூறு அட்டையும் அடித்து முடித்தபின்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து குதித்தார்கள். கடைசியில் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை அச்சகமே வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கருப்புப் பேனாவோடு ஐந்நூறு மூக்குக்கு மச்சம் வைத்தது. மெஷின்காரர் வைத்தவை எல்லாம் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தன. அன்றைக்கு வந்த பெயர்தான் ரப்பரக்கா.

அதற்குப் பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். ஒரு புள்ளியைத் தொடும்முன் அதே உருவம் வேறு கட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். அங்கும் அதே இடத்தில் புள்ளி இருந்தால் அது படம். இல்லாவிட்டால் தூசி. இன்னொரு வழக்கமும் உண்டு. எதையும் படிக்கமாட்டாள். எழுத்தைப் படித்தால் புள்ளி கண்ணில் படாது என்பாள்.

படிக்காமல் இருப்பதற்கு வேறு காரணமும் இருந்தது. அது அச்சகத்தில் யாருக்கும் தெரியாது. அவளுடைய ஊர் எது என்று கேட்டால் ஒரு மலையடிவாரத்து ஊரின் பெயரைச் சொல்வாள். அப்பா அம்மா மண்சரிவில் போய்விட்டார்கள் என்பாள். லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் அவள் கணவருக்கும் அதுதான் தெரியும். மகளின் பள்ளிப் படிவத்திலும் அந்த ஊர்தான் இருந்தது. அந்த ஊருக்கு அவள் போனதே இல்லை. சண்டை நடந்த ஊரிலிருந்து, யாரோ ஒரு குடும்பத்தின் பின்னால் நடந்து, எல்லை தாண்டி வந்தவள் அவள். வந்த புதிதில், அந்த ஊர் ஆட்கள் என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காது, வேலையும் கிடைக்காது. ஒரு பொய் சொன்னாள். அது அவள்மேல் ஒட்டிக்கொண்டது. பிறகு பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும் என்ற நிலைக்குப் போய்விட்டது.

அந்தப் படக்கதை ஒரு திங்கட்கிழமை வந்தது. கருப்பு வெள்ளை, தொண்ணூற்றாறு பக்கம். யாரோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண் தன் வாழ்க்கையை வரைந்தது, பல மொழிகளில் வந்தாயிற்று, இப்போது தமிழில் என்று மேனேஜர் சொன்னார். அட்டையில் இருந்த புனைபெயர் அவள் கேள்விப்படாதது.

முதல் பிளேட்டில் ஒரு சிறுமியின் முகம். இடது கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி. காலை நேரம், கை வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வழக்கத்தை மறந்து தொட்டுவிட்டாள். புள்ளி கரைந்தது. பக்கத்துக் கட்டத்திலும் அதே சிறுமி, அதே கண், அதே புள்ளி. அதற்கடுத்த கட்டத்திலும்.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தாள்.

வாசலில் நின்ற மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, திரும்பவும் மூக்கா?"

"இல்ல, கன்னம்."

"இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இரண்டு அங்குலம் நகர்ந்திருக்கீங்க. பரவாயில்ல, முன்னேற்றந்தான்."

இன்னொரு பிளேட் போட வேண்டியதாயிற்று. அது வரும்வரை கெட்டுப்போன பிளேட்டை வைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா இருந்த கண் படிக்க ஆரம்பித்தது. மச்சம் வைத்த சிறுமி. இரட்டைப் பின்னல், ஒன்று மேலே ஒன்று கீழே. ஏழு படிகள் ஏறிப் போகும் வீடு. மூன்றாவது படியில் விரிசல். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடும் ஒரு மனிதர்.

அப்பா.

லென்ஸ் மேசையில் விழுந்து உருண்டது. அவள் சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். தங்கை, குட்டி வரைந்திருக்கிறாள்! கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆட்டை வரைந்து நாய் என்று சாதிக்கும் அந்தக் குட்டி. ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அம்மா கடைசிவரை குட்டியோடுதான் இருந்தாள். அம்மாவின் சாவுக்கு அவளால் போக முடியவில்லை. போக வேண்டுமென்றால் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், எடுத்தால் மலையடிவாரத்துப் பொய் பல்லை இளித்துவிடும். "நீ யாரோட பொண்ணுன்னே மறந்துட்ட" என்று குட்டி போனை வைத்தாள். அதோடு சரி. ஆனால் அந்தத் திங்கட்கிழமை முழுக்க அவள் அதையெல்லாம் மறந்து, அப்பாவின் நெற்றிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஒரு சந்தேகம் வந்தது. சாப்பாட்டு நேரத்தை வரைந்திருந்த பக்கம். அப்பா, அம்மா, குட்டி. மூன்று தட்டு. தூங்கும் அறையில் ஒரு பாய். பள்ளிக்குப் போகும் வழியில் குட்டி தனியாக நடக்கிறாள். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது யார்? ஒரு நாள் பாக்கி இல்லாமல் அந்தப் பின்னலைப் போட்டது யார்? ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோணலாகப் போடுவது யாருடைய கை?

அடுத்த பாரத்தில் வருவேன் என்று நினைத்தாள். பதினாறு பக்கம் ஒரு பாரம். இரண்டாவது பாரத்தில் இல்லை. மூன்றாவதில் அம்மா மாமாவோடு கிளம்பிப் போகிறாள். உண்மையில் குட்டியும் அன்றைக்குத்தான் போனாள். பதினோரு வயது, மாமாவின் தோளில் தூங்கிக்கொண்டே போனாள். ஊரில் தங்கியது இரண்டே பேர்தான். தபால் பிரிக்கும் வேலையில் இருந்த அப்பா, ஆபீஸை மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வராமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சமைத்துப் போட அவள். வயது பதினேழு. ஆனால் பிளேட்டில் அம்மா மட்டும் கிளம்புகிறாள். வாசலில் அப்பாவோடு மச்சம் வைத்த சிறுமி நின்று கையசைக்கிறாள்.

புதன்கிழமை நான்காவது பாரம். அன்றைக்கு அவள் தூரிகையைத் தொடவே இல்லை.

அந்த நாள் முழுதும் அதில் இருந்தது. ராணுவத்தார் எல்லோரையும் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு வரச் சொன்னது. அடையாள அட்டை இல்லாத ஆண்களைத் தனியாக நிறுத்தியது. அப்பா சட்டைப்பையைத் தடவியது. அட்டை வீட்டு அலமாரியில் இருந்தது. "ஓடிப்போய் எடுத்துட்டு வாம்மா" என்றார். அவள் ஓடினாள். குண்டு விழுந்து பள்ளமான தெருக்களில் ஓடினாள். அலமாரியைக் குடைந்து அட்டையை எடுத்தாள். வெளியே வந்தவள், கதவைப் பூட்டினாள்.

அதுதான். கதவைப் பூட்டினாள். கூரையில் பாதி இல்லாத வீட்டின் கதவை. பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பவில்லை. தோளைக் கொடுத்துக் கதவை அழுத்தி, சாவியைப் பல்லால் கடித்துத் துடைத்து, திரும்பத் திரும்ப முயன்று, பூட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். மைதானத்துக்கு வந்தபோது அப்பாவை ஏற்றிய லாரி போய்விட்டிருந்தது. தூசி இன்னும் அடங்கவில்லை. மேசை போட்டு உட்கார்ந்திருந்த சிப்பாய் அவள் கையிலிருந்த அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தான்.

இதை அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள். ஒரே ஒரு தடவை, போனில், தங்கையிடம்.

ஐந்து பக்கம். பதினான்கு கட்டத்தில் அந்த முகம். ஓடும் முகம், பல்லில் சாவி கடித்த முகம், தூசிக்கு முன்னால் நிற்கும் முகம். பதினான்கிலும் இடது கண்ணுக்குக் கீழே மச்சம். கட்டத்துக்குக் கீழே எழுத்து: "நான் பூட்டைப் பூட்டிக்கொண்டு நின்றேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரிடமும் சொல்ல முடியாத கோபம். இது என் கதை என்று சொல்ல வேண்டுமானால் மலையடிவாரம் பொய் என்று சொல்ல வேண்டும். திருட்டுக் கொடுத்தவள் போலீசுக்கும் போக முடியாதபடி, திருடு போன பொருளே கள்ளப் பொருள் மாதிரி ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலை மெஷின்காரர் வந்தார். "அக்கா, நாலாவது பாரம் என்னாச்சு? மெஷின் கொட்டாவி விடுது."

"விடட்டும்."

"புஸ்தகம் எழுதின அம்மா இன்னைக்கு வர்றாங்களாம். முதல் தாளைப் பார்த்து கையெழுத்து போடணுமாம்."

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். "இங்கயா? வரட்டும். நல்லா வரட்டும்."

மெஷின்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தார்.

பத்தரை மணிக்கு மேனேஜர் முன்னால் வர, பின்னால் தங்கை வந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. கழுத்தில் கண்ணாடி தொங்கியது. மச்சம் அதே இடத்தில் இருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் கண் தெரியாமல் நின்றாள். பிறகு, "அக்கா" என்றாள்.

இங்கே எல்லோரும்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். மேனேஜர் எதையும் கவனிக்கவில்லை. "இவங்கதான் மேடம், எங்க பிளேட் டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டுப் போன் பேச வெளியே போனார்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்தே?"

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். இந்தப் பிரஸ்லதான் அடிக்கணும்னு பதிப்பாளர்கிட்ட நான்தான் சொன்னேன். தமிழ்ல படிக்கற எல்லாருக்கும் முன்னாடி நீ பார்க்கணும்னு."

"பார்க்கணும்னா வீட்டுக்குக் கொண்டுவந்து கையில கொடுத்திருக்கணும். இப்படிப் பிளேட்டுல போட்டு, தூசி துடைன்னு சொல்லியா கொடுப்பாங்க?"

"பயமா இருந்தது."

"பயமா? உனக்கா? எனக்கு நடந்ததை எடுத்து மாட்டிக்கிட்டு ஊர் ஊரா போனப்ப பயம் வரலையா?"

தங்கை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீதானேக்கா சொன்னே? வரையப் போறேன்னு போன்ல சொன்னப்ப, என்னை எங்கயும் போட்டுடாதே, இங்க யாருக்கும் தெரியாதுன்னு அழுதியே. ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

"என்னைப் போடாதேன்னு சொன்னேன். உன்னைப் போட்டுக்கோன்னு சொன்னேனா? அந்த இடத்தைக் காலியா விட வேண்டியதுதானே?"

"காலியா விட்டா கதை எப்படி நகரும்?"

"நகரலைன்னா நிக்கட்டும். முப்பது வருஷமா நான் அந்தக் கதவுகிட்ட நிக்கலையா? உன் கதைக்கு மட்டும் என்ன அவசரம்?"

சத்தம் கேட்டு மெஷின்காரர் கதவருகே வந்துவிட்டார். கையில் எண்ணெய்த் துணி. அவரைப் பார்த்தும் அவள் குரலைக் குறைக்கவில்லை.

"அவர் எனக்கும் அப்பாதானே?" என்றாள் தங்கை. "நான் அங்க இல்லைங்கறதுதான் எனக்கு வலி. உனக்கு ஓடினதாவது இருக்கு. எனக்கு என்ன இருக்கு? அன்னைக்கு நான் மாமா வீட்டுல பிஸ்கட் தின்னுட்டு டிவி பார்த்துட்டு இருந்தேன்."

"அதை வரை."

"எதை?"

"டிவி பார்த்ததை வரை. பிஸ்கட்டை வரை. அதுதானே உன்னோடது?"

"அதை யார் படிப்பாங்க?"

கேட்டுவிட்டுத் தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு மெதுவாக, சமாதானம் பண்ணுகிற குரலில், தங்கை இன்னொன்றைச் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "அக்கா, நான் போற ஊர்ல எல்லாம், பேசி முடிச்சதும் யாராவது ஒருத்தர் வந்து கையைப் பிடிச்சுக்கறாங்க. உன் தப்பு இல்லம்மா, நீ சின்னப் பொண்ணு, பயத்துல யாரா இருந்தாலும் பூட்டத்தான் செய்வாங்கன்னு சொல்றாங்க. ஒரு பெரியவர் அழுதே அழுதுட்டார்."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அதை நீ வாங்கிக்கிட்டியா?"

"நான் என்ன பண்ண முடியும்? அவங்க..."

"வாங்கிக்கிட்டியாடி?"

தங்கை கைப்பையின் பட்டையை முறுக்கினாள்.

"அது எனக்கு வரவேண்டியது. கதவைப் பூட்டினது நான். தப்பு என்னோடது. உன் தப்பு இல்லைன்னு ஒரே ஒரு ஆள் சொன்னாப் போதும்னு முப்பது வருஷமா நான் வாயை மூடிட்டு உக்கார்ந்திருக்கேன். கட்டின புருஷன்கிட்டகூடச் சொன்னதில்ல. நீ போய் மேடை மேடையா ஏறி வாங்கிட்டு வந்திருக்கே. உனக்கு எதுக்குடி அது? நீ எதைப் பூட்டினே?"

மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்தபடி உள்ளே வந்தார். "ஏம்மா, என்ன சத்தம்? மேடம்கிட்ட போய்..."

"சார், இந்தப் பொண்ணு நான்" என்று அவள் பிளேட்டைக் காட்டினாள். "இவ என் தங்கச்சி. இது எங்க வீடு."

"உங்க ஊர் மலையடிவாரம்னு..."

"பொய் சார். அங்க நான் போனதே இல்ல. மண்சரிவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எங்க அப்பாவை லாரியில ஏத்திட்டுப் போனாங்க."

சொல்லி முடித்ததும் கூரை இடிந்து விழவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. இதற்காகவா இத்தனை வருடம்? மெஷின்காரர் எண்ணெய்த் துணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், மகளிடம் சொல்ல வேண்டியிருக்கும். அது சாயங்காலம்.

அவள் உட்கார்ந்தாள். லென்ஸை எடுத்தாள். தூரிகையை மருந்தில் தோய்த்து, பாட்டிலின் விளிம்பில் ஒற்றினாள். முதல் கட்டத்தில், ஓடும் முகத்தில், இடது கண்ணுக்குக் கீழே வைத்தாள்.

"அக்கா, என்ன பண்றே?"

"தூசி துடைக்கிறேன்."

புள்ளி கரைந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்ததும், மச்சமில்லாத ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். தங்கை அவளை வரையும்போது, போனில் கேட்டதையெல்லாம் அக்காவின் உடம்பில் வைத்துத்தான் யோசித்திருக்க வேண்டும். ஓடும்போது முழங்கையை வெளியே தள்ளும் விதம், கீழுதட்டைக் கடிக்கும் விதம், எல்லாம் அவளுடையது. ஒரு புள்ளிதான் நடுவில் நின்றது.

"மேடம், இது உங்க புஸ்தகம்" என்றார் மேனேஜர். "நீங்க வேண்டாம்னு சொன்னா..."

தங்கை கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். மூன்று, நான்கு, ஐந்து. எழுத்துகளின் பக்கம் தூரிகை போகவில்லை. அவை இருந்தபடியே இருந்தன. எட்டு, ஒன்பது. முதல் பிளேட் முடிந்து இரண்டாவது பிளேட்டைக் கிடத்தினாள். பல்லில் சாவி கடித்த முகத்துக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தி, பிறகு தொட்டாள். தங்கை கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். தலைகீழாக இருந்த பக்கம் ஒன்றில், ஓரத்துச் சின்னக் கட்டத்தின்மேல் விரலை நீட்டினாள்.

"இங்க ஒண்ணு விட்டுட்டே."

"தெரியும். கையை எடு."

தங்கை கையை எடுத்தாள். அவள் அதையும் துடைத்தாள். பதினான்கு. பிளேட்டின் மேல் பிசின் தடவி, காயவிட்டு, மெஷின்காரரிடம் நீட்டினாள். அவர் இரண்டையும் மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டு போனார்.

கால் மணி நேரத்தில் மெஷின் உறுமிற்று. முதல் தாளை எடுத்துக்கொண்டு மெஷின்காரர் ஓடி வந்தார். ஒரு பேச்சுக்கு இடம் கிடைத்தால் போதும் என்கிற முகம். இவ்வளவு நேரம் கேட்டதற்கெல்லாம் என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தார்.

"அக்கா, மூணு பாரமா மச்சத்தோட வந்த பொண்ணுக்கு இதுல மச்சம் இல்ல. அஞ்சாவதுல திரும்ப வரும். படிக்கிறவங்க கேப்பாங்க. இது ஐந்நூறு இல்ல, இரண்டாயிரம் காப்பி. கடைசியில எல்லாரையும் பேனாவோட உக்கார வெச்சிடாதீங்க."

தங்கை தாளை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஓரத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தாள்.

ரப்பரக்கா அதைப் பார்க்கவில்லை. ஐந்தாவது பாரத்தின் பிளேட்டை மேசையில் கிடத்திக்கொண்டிருந்தாள்.

"எவனாவது பேனாவைத் தொட்டான், கையை ஒடிச்சிடுவேன்" என்றாள். "ஓட்டுங்க."